பங்கீட்டு அட்டையும் துளையிட்ட டின்னும்: கோப்பெங் மாணவர்க்குப் போர்க்கால உணவு வரலாறு கற்பித்தல்

மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் வரலாறு, 2013ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் கட்டாயம் தேர்ச்சி பெறவேண்டிய பாடமாக இருந்து வருகிறது. நான்காம் படிவப் பாடத்திட்டத்தில் உலகப் போரும் ஜப்பானியர் ஆட்சியும் தனி இயலாக அமைந்துள்ளன. ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கிய 1941 டிசம்பர் 8, சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15 ஆகிய நாள்களை மாணவர் தடையின்றி ஒப்புவிக்கின்றனர். ஆனால் அந்த மூன்று ஆண்டு எட்டு மாத காலத்தில் தம் ஊர்க் குடும்பம் ஒன்று எதை உண்டு உயிர்தரித்தது என்று வினவினால், விடை ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது: மரவள்ளிக்கிழங்கு. அச்சொல்லுக்கு அப்பால் அவர்களை அழைத்துச் செல்வது எவ்வாறு என்பதைப் பேராக் மாநிலத்துக் கோப்பெங் வட்டாரத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வட்டாரத்து மாணவர் சிலரோடு வார இறுதிகளில் நாம் நடத்திய வகுப்பொன்றில் இவ்வாராய்ச்சிக்கு வித்திடப்பட்டது. வீட்டிலுள்ள முதியோரிடம் ஜப்பானியர் காலத்து உணவைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொல்லியிருந்தோம். பதினாறு வயது மாணவி ஒருத்தி, தொண்ணூறு வயதைக் கடந்த தன் கொள்ளுப்பாட்டி கூறியதாக இவ்வாறு எழுதி வந்தாள்: 'ஜப்பான்காரன் ரேஷன் அட்டை கொடுத்திருந்தான். பால் டின் வாங்கினால் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது.' வகுப்பிலிருந்த எவரும் இதில் பிழை காணவில்லை. எமக்கு மட்டும் ஐயம் எழுந்தது. பங்கீட்டு அட்டை இரு காலங்களுக்கும் பொருந்தும். துளையிட்ட டின்னும் தடுக்கப்பட்ட கட்டுச்சோறும் ஜப்பானியர் காலத்தைச் சார்ந்தவையல்ல. அவை அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் பின்னர் வந்த அவசரகாலத்தின் அடையாளங்கள். முதியவரின் நினைவில் இரண்டு பங்கீடுகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இக்கலப்பைப் பிழையென்று அடித்துத் திருத்திவிடலாம். அவ்வாறு செய்யாமல் அதனையே பாடத்தின் வாயிலாகக் கொண்டோம்.

அரிசி வந்த வழி

உணவுப் பங்கீட்டைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர், பங்கீட்டிற்கு முன் அரிசி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும். போருக்கு முந்தைய மலாயா தனக்குத் தேவையான அரிசியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே விளைவித்தது. எஞ்சிய இரு பங்கும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலேறி வந்தன. நிலமும் முதலும் ரப்பருக்கும் ஈயத்திற்குமே சென்றன. அவற்றை விற்று அரிசி வாங்குவது மலிவு என்பது அன்றைய கணக்கு. பேராக்கில் 1906இல் திறக்கப்பட்ட கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் இருந்தபோதிலும், கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்க நகரங்களுக்கும் தோட்டங்களுக்கும் அது போதுமானதாக இருக்கவில்லை.

கோப்பெங் இவ்வமைப்பின் நேர்ச் சான்றாகும். ஒருபுறம் ஈயச் சுரங்கங்கள். அவற்றில் சீனத் தொழிலாளர். மறுபுறம் ரப்பர் தோட்டங்கள். அவற்றில் லயன் வீடுகளில் வாழ்ந்த தமிழர். இன்று உலகறிந்த யூ யான் சாங் மருந்து நிறுவனம் 1879இல் இச்சிற்றூரில்தான், சுரங்கத் தொழிலாளரை நம்பித் தொடங்கப்பெற்றது. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் உள்ள கெல்லி மாளிகையை மாணவர் அனைவரும் சுற்றுலாவில் கண்டவர்களே. ஆவிக் கதையையும் சுரங்கவழிக் கதையையும் அவர்கள் சொல்லாமல் விடுவதில்லை. அம்மாளிகையைச் சூழ்ந்திருந்த கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் தமிழர் எந்த அரிசியை உண்டனர் என்று கேட்டபோது வகுப்பு மௌனமாயிற்று.

அவ்வரிசி பெரும்பாலும் ரங்கூன் புழுங்கல். தோட்ட நிருவாகம் அதனை மொத்தமாக வருவித்துத் தொழிலாளர்க்கு வழங்கிக் கூலியில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தது. இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் அடங்கியிருந்தன. நன்மை மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர் பெரிபெரி நோயால் பெருமளவில் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழரை அந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டைக் கவனித்து 1907இல் நூலாக வெளியிட்டார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் நடத்திய சோதனைகள், அரிசியைத் தீட்டும்போது நீங்கும் பகுதியிலேயே நோயைத் தடுக்கும் பொருள் உள்ளது என்பதைத் தெளிவுறுத்தின. தமிழ் மாணவர் தம் வீட்டுப் புழுங்கலரிசியை இவ்வாறு உலக அறிவியல் வரலாற்றோடு பொருத்திக் காணும்போது அவர்தம் முகத்தில் தோன்றும் வியப்பு, ஆசிரியர்க்குக் கிடைக்கும் சிறு கூலி எனலாம்.

தீமை யாதெனில், தொழிலாளியின் உணவு முழுவதும் ஒரே வழியை நம்பியிருந்ததாகும். ரங்கூன், கப்பல், துறைமுகம், தோட்டக் கிடங்கு என்னும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், மாற்றாக உழுது விதைக்க அவனுக்குச் சொந்த நிலம் இல்லை. வயலும் தோப்பும் உடைய மலாய்க் கம்பத்துக் குடியானவர்க்கும், சொந்தமாக ஒரு பாத்தி மண்ணும் இல்லாத பால்வெட்டுத் தொழிலாளர்க்கும் இருந்த இவ்வேறுபாடு இனப் பண்பாட்டால் விளைந்ததன்று. நில உடைமையால் விளைந்தது. மாணவர் இதனைக் கட்டாயம் உணரவேண்டும் என்பது எம் கருத்து. 'நம்மவர்கள் மட்டும் ஏன் அதிகம் பட்டினி கிடந்தார்கள்?' என்று கேட்கும் மாணவனுக்கு வேறு விடைகள் எளிதில் கிடைக்கும். அவற்றுட் பல தவறானவை.

சங்கிலி அறுந்தது

1941 டிசம்பர் இறுதியில் ஈப்போவிலிருந்து பின்வாங்கிய பிரித்தானிய இந்தியப் படையினர் கோப்பெங் வழியாகவே கம்பாருக்குச் சென்றனர். டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் கடும்போர் நடந்தது. ஆக, போர்முனை என்பது கோப்பெங்கைச் சில நாள்களில் கடந்து சென்றுவிட்டது. எஞ்சிய காலம் முழுவதும் இவ்வூர் மக்கள் நடத்தியது சோற்றுப் போர். 1942 மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமானது. பர்மாவும் மலாயாவும் ஒரே ஆட்சியின்கீழ் வந்தபின் அரிசி தாராளமாக வந்திருக்க வேண்டுமே என்று அறிவுள்ள மாணவர் கேட்பர். நல்ல கேள்வி அது. கப்பல்களைப் படைத்துறை எடுத்துக்கொண்டது. எஞ்சியவற்றை நேசநாட்டு நீர்மூழ்கிகளும் வானூர்திகளும் மூழ்கடித்தன. பர்மாவில் விளைச்சலே சுருங்கியது. 1943 ஆகஸ்டு மாத உடன்படிக்கையின்படி கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களும் சயாமுக்கு ஒப்படைக்கப்பட்டன. கெடா மலாயாவின் நெற்களஞ்சியம். அது எல்லைக்கு அப்பால் போனபின் பேராக்கின் தட்டுப்பாடு மேலும் இறுகியது.

ரங்கூன் அரிசியின் வரவு அறுந்தமையால் இலங்கையிலும் 1942இல் அரிசிப் பங்கீடு வந்தது; சென்னை மாநகரிலும் 1943இல் வந்தது. வங்கத்தில் அவ்வாண்டு பஞ்சமே மூண்டு இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தமிழர் வாழ்ந்த மூன்று நாடுகளின் பங்கீடும் ஒரே துறைமுகத்தின் வீழ்ச்சியோடு தொடர்புடையது என்பதை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டினால், ஒரு பாட வேளையில் மாணவர்க்குப் பதிந்துவிடுகிறது.

ஜப்பானிய ஆட்சி குடும்பந்தோறும் பங்கீட்டு அட்டை வழங்கியது. அரிசி, உப்பு, சர்க்கரை முதலியன ஆள் கணக்கிற்கு அளந்து கொடுக்கப்பட்டன. காலம் செல்லச் செல்ல அளவு குறைந்தது. அட்டை இருந்தும் கடையில் பொருள் இல்லாத நாள்கள் மிகுந்தன. வாழைமரம் பொறித்த பத்து டாலர் நோட்டு எண்ணின்றி அச்சிடப்பட்டு மதிப்பிழந்தது. போருக்கு முன் சில டாலருக்கு விற்ற அரிசி மூட்டை, போரின் இறுதியில் கள்ளச் சந்தையில் ஆயிரக்கணக்கில் விலை பேசப்பட்டது. துணியும் கிடைக்கவில்லை, சாக்கை வெட்டித் தைத்து உடுத்திய செய்தி தோட்டத்து முதியோர் அனைவரும் கூறுவதாகும்.

இவ்விடத்தில் ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டியுள்ளது. போர்க்காலப் பங்கீடு பற்றி எளிதில் கிடைக்கும் பாடக் கருவிகள் பெரும்பாலும் பிரிட்டனைப் பற்றியவை. அங்கே பங்கீடு 1940 ஜனவரி 8இல் தொடங்கி 1954 ஜூலை 4 வரை நீடித்தது. அரசு வாக்களித்த அளவு பெரும்பாலும் கடைக்கு வந்து சேர்ந்தது. வறியோர் சிலர் போருக்கு முன்னரைக் காட்டிலும் நன்றாகவே உண்டனர். போர் நடந்தபோது பங்கிடப்படாத ரொட்டி, போர் முடிந்தபின் 1946இல்தான் பங்கீட்டிற்கு உட்பட்டது. அங்குப் பங்கீடு என்பது சமப் பகிர்வின் பெயர். அச்சுவரொட்டிகளை அப்படியே எடுத்துக் கோப்பெங் வகுப்பறையில் ஒட்டினால், 'ஆட்சியாளரும் மக்களும் கைகோத்துச் சிக்கனமாக வாழ்ந்த காலம்' என்னும் பொய்ச் சித்திரம் மாணவர் மனத்தில் பதியும். மலாயாவின் அட்டை படைத்துறையின் தேவை போக எஞ்சியதைப் பற்றிய அறிவிப்பு மட்டுமே.

கிழங்கின் கணக்கு

ஜப்பானியர் காலத்து உணவைக் கற்பிக்கப் பள்ளிகள் மேற்கொள்ளும் எளிய வழி, ஒரு நாள் மரவள்ளியை அவித்து, தேங்காய்த் துருவலும் சம்பலும் சேர்த்து மாணவர்க்கு வழங்குவதாகும். நாமும் ஒருமுறை அவ்வாறு செய்தோம். மாணவர் விரும்பி உண்டு, இன்னும் கேட்டனர். 'பஞ்ச காலத்துச் சாப்பாடு நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஒருவன் கூறியபோது எம் முயற்சியின் குறை விளங்கியது. அதன்பின் சமையலை விடுத்துக் கணக்கைக் கையாண்டோம்.

நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 360 கலோரி ஆற்றலும் 7 கிராம் புரதமும் உள்ளன. நூறு கிராம் பச்சை மரவள்ளியில் ஏறத்தாழ 160 கலோரியும் ஒன்றரைக் கிராமுக்கும் குறைவான புரதமுமே உள்ளன. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்ட ஒருவர், அதே ஆற்றலைக் கிழங்கிலிருந்து பெற 900 கிராம் உண்ண வேண்டும். அவ்வாறு உண்டாலும் 28 கிராம் புரதத்திற்கு ஈடாக அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 13 கிராமே. பருப்பும் கருவாடும் கிடைக்காத காலத்தில் அப்பற்றாக்குறையை ஈடுசெய்ய வழியில்லை. மாணவர் இதனைத் தாமே கணித்தனர். அதன்பின் வயிறு நிறைந்தும் கால் வீங்கியது ஏன், சிறு காயமும் ஆறாப் புண்ணானது ஏன் என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. கசப்பு மரவள்ளியில் நச்சுப்பொருள் மிகுந்திருப்பதால் அதனை ஊறவைத்து நன்கு வேகவைத்தாக வேண்டும் என்பதையும், விறகும் பொழுதும் அதற்குச் செலவாகும் என்பதையும் அவர்களே சேர்த்துக்கொண்டனர். பொழுது என்றதும் மற்றொரு செய்தி: ஜப்பானியர் தோக்கியோ நேரத்தை இங்கு நடைமுறைப்படுத்தினர். மலாயாக் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னே நகர்ந்தது.

உணவுப் பயிரிடுமாறு ஆட்சி ஓயாது வலியுறுத்தியது. தோட்டங்களில் ரப்பர் மரங்களுக்கிடையே கிழங்கும் கேழ்வரகும் நடப்பட்டன; சில இடங்களில் மரங்கள் வெட்டப்பட்டன. தைவானிலிருந்து குறுகிய கால நெல்வகைகள் கொண்டுவரப்பட்டு இரு போகச் சாகுபடி முயலப்பட்டது. பண்படுத்திய நிலமும் நீரும் உரமும் இன்றி இத்திட்டங்கள் பெரும்பயன் அளிக்கவில்லை. கீரைகளுள் மரவள்ளி இலையும் சர்க்கரைவள்ளி இலையும் உயிர் காத்தன.

பசி காட்டிய வழிகள்

மேலை நாடுகளுக்கு ரப்பர் ஏற்றுமதி நின்றதால் தோட்டங்களில் பால்வெட்டு சுருங்கியது. வேலை இல்லை; வேலை இல்லாததால் தோட்டம் வழங்கிய அரிசியும் இல்லை. இந்நிலையில்தான் சயாம் - பர்மா இரயில்பாதை வேலைக்கு ஆள் சேர்ப்பு நடந்தது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. தொடக்கத்தில் கூலியும் உணவும் தருவதாக ஆசைகாட்டியும், பின்னர் வலுக்கட்டாயமாகவும் தோட்டத்து ஆடவர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே பலியான ஆசியத் தொழிலாளருள் மலாயாத் தமிழர் பல்லாயிரவர். 'துப்பாக்கி முனையில் பிடித்துச் சென்றனர்' என்று மட்டும் கற்பித்தால் பாதி உண்மையே கூறியவராவோம். சோறு கிடைக்கும் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் அன்று எத்துணை வலிமை இருந்தது என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் இவ்வரலாற்றைக் கருவாகக் கொண்டவை. வரலாற்று ஆசிரியரும் தமிழாசிரியரும் இணைந்து கற்பிக்க ஏற்றவை.

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவில் இந்தியர் தொகை ஆறு இலட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. 1947இல் அது ஆறு இலட்சத்திற்குச் சற்றுக் குறைந்திருந்தது. இக்குறைவு முழுவதையும் போரின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் தாயகம் அனுப்பப்பட்டோர் பலர். 1938இல் இந்திய அரசு உதவி பெற்றுக் குடியேறும் முறையைத் தடைசெய்தது. ஆயினும் பதினாறு ஆண்டுகளில் வளராமல் சுருங்கிய ஒரு சமூகத்தைப் பற்றி மாணவர் சிந்திக்க இவ்விரு எண்களே போதும்.

சீனத் தொழிலாளரைப் பசி வேறு திசையில் செலுத்தியது. சுரங்கங்கள் மூடப்பட்டதால் கிந்தாப் பள்ளத்தாக்கில் பல்லாயிரவர் காட்டோரங்களில் குடிசையமைத்துக் கிழங்கும் காய்கறியும் பயிரிட்டனர். போர் முடிந்தபின்னும், உலகெங்கும் அரிசித் தட்டுப்பாடு நீடித்ததாலும் சுரங்கங்கள் மெல்லவே மீண்டதாலும் அவர்களுட் பலர் அங்கேயே தங்கினர். அரிசிப் பங்கீடும் தொடர்ந்தது.

துளையிட்ட டின்

1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவளித்தோர் அக்காட்டோரக் குடியினரே என்று கருதிய அரசு, 1950இல் பிரிக்ஸ் திட்டத்தின்படி அவர்களை வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்த்தது. கோப்பெங்கை அடுத்துள்ள கோப்பிசானும் லாவான் கூடாவும் அவ்வாறு அமைந்தவை. தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளும் வேலிக்குள் கொண்டுவரப்பட்டன.

அப்போது பங்கீடு புது வடிவம் எடுத்தது. அரிசி அளவாக விற்கப்பட்டது. வாங்கிய டின்னைச் சேமித்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதவாறு கடையிலேயே துளையிட்டுக் கொடுத்தனர். வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். கட்டுச்சோறு கொண்டுசெல்லத் தடை. கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த இடங்களில் அரிசியே விற்கப்படவில்லை; பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோறு வழங்கப்பட்டது. வடித்த சோறு ஒரு நாளில் கெட்டுவிடும் என்பதே அதன் சூழ்ச்சி. விடியலில் பால்வெட்டச் சென்ற பெண் வெறும் வயிற்றோடு நின்று நண்பகலுக்குப் பின் திரும்பி வந்து உண்டாள். ஜப்பானியர் காலத்தில் அரிசி இல்லை. அவசரகாலத்தில் அரிசி இருந்தும் அதனைக் கையில் எடுத்துச் செல்லும் உரிமை இல்லை. முதற் பசி மக்களைக் காட்டோரத்திற்குத் துரத்தியது. இரண்டாம் பங்கீடு அக்காட்டோரத்தை அடைப்பதற்காகவே வந்தது. ஒரே முதியவரின் நினைவில் இவை ஒட்டிக்கொண்டிருப்பதற்கு, முதுமை மட்டும் காரணமன்று என நாம் கருதுகிறோம்.

மாணவியின் ஏட்டிற்குத் திரும்புவோம். வகுப்பில் அனைவரும் கூடி மூன்று கேள்விகளை வகுத்தனர். அப்போது கையில் இருந்த பணத்தில் என்ன படம் இருந்தது? வாயிலில் நின்று சோதித்தவர் யார்? வீட்டைச் சுற்றி வேலி இருந்ததா? இவற்றை எடுத்துக்கொண்டு அவள் மீண்டும் கொள்ளுப்பாட்டியிடம் சென்றாள். 'பாட்டி, அன்றைக்கு டின்னில் ஓட்டை போட்டார்கள் என்றீர்களே, அது வேலி போடுவதற்கு முன்பா, பின்பா?' என்று கேட்டிருக்கிறாள். முதியவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, 'வேலி போட்ட பிறகுதான். ஜப்பான் காலத்தில் டின் ஏது, ஓட்டை போட?' என்றாராம். பின்னர், கேளாமலேயே, சயாமுக்குப் போன தம் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அண்ணன் போன மாதத்தில் வீட்டு அட்டையில் ஓர் ஆள் கணக்குக் குறைந்ததை அவர் மறந்திருக்கவில்லை. மாணவி அன்று எழுதி வந்தது நான்கு பக்கம்.